உயர்நிலைப் பள்ளியும் சிசிஏவும்: சிங்கப்பூர்ப் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பவை

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் முடிவு வந்து, டிசம்பரில் எந்த உயர்நிலைப் பள்ளி என்பதும் தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி சிசிஏ பற்றித்தான். பெற்றோர் ஆதரவுக் குழுவில் இருப்பதால் என்னைக் கோயில் வரிசையிலும் மின்தூக்கியிலும் நிறுத்திக் கேட்கிறார்கள். ஊரிலிருந்து வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கு இந்த ஏற்பாடே புதிது. இங்கேயே படித்தவர்களுக்கோ தங்கள் காலத்து விதிகள்தான் மனதில் இருக்கின்றன. இரு தரப்பாருக்கும் சேர்த்து, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். சின்னச் சின்ன நடைமுறைகள் பள்ளிக்குப் பள்ளி மாறும். அந்த இடங்களில் உங்கள் பள்ளி சொல்வதைக் கேளுங்கள்.

சிசிஏன்னா என்ன? சேராம இருந்துட்டா என்ன?

விளையாட்டு, இசை, நடனம், சீருடைக் குழு, மன்றம் என்று பாடநேரத்துக்கு வெளியே பள்ளி நடத்தும் இணைப்பாட நடவடிக்கைகள்தான் சிசிஏ. தொடக்கப்பள்ளியில் அது விருப்பத்தைப் பொறுத்தது. உயர்நிலையில் கட்டாயம். ஒவ்வொரு மாணவரும் குறைந்தது ஒன்றிலாவது இருக்க வேண்டும்.

ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரம் மட்டும் ஒத்திகை பார்க்கிற விஷயம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். இதற்குப் பொறுப்பாசிரியர் உண்டு, பயிற்றுநர் உண்டு, வருகைப் பதிவு உண்டு. அந்த வருகைப் பதிவுதான் பின்னால் பெரிய விஷயமாகும், கீழே வருகிறேன்.

பட்டியலைப் பார்த்தாலே தலை சுத்துது. மொத்தம் எத்தனை வகை?

நான்கு வகை. உடல் சார்ந்த விளையாட்டுகள், சீருடைக் குழுக்கள், காட்சி மற்றும் நிகழ்த்துகலைகள், மன்றங்களும் சங்கங்களும். கூடைப்பந்து, ஹாக்கி, பூப்பந்து, செப்பாக் தக்ராவ், சில பள்ளிகளில் கிரிக்கெட் எல்லாம் முதல் வகை. தேசிய மாணவர் படை, தேசிய காவல்துறை மாணவர் படை, குடிமைத் தற்காப்பு மாணவர் படை, சாரணர், செஞ்சிலுவை இளையர் போன்றவை இரண்டாம் வகை. பாடகர் குழு, சீன இசைக்குழு, இந்திய நடனம், மலாய் நடனம், நாடகம் மூன்றாவது. ரோபாட்டிக்ஸ், விவாதம், ஊடகக் குழு மாதிரியானவை நான்காவது.

எல்லாப் பள்ளியிலும் எல்லாமும் இருக்காது. அதிகமில்லை, இருபது முப்பது இருக்கும். பள்ளி விருப்பங்களை வரிசைப்படுத்தும்போதே அந்தப் பட்டியலைப் பார்த்துவிடுவது நல்லது. பள்ளி கிடைத்த பிறகு "இங்கே நீச்சல் இல்லையாமே" என்று வருத்தப்படுபவர்களை ஒவ்வொரு ஜனவரியும் பார்க்கிறேன்.

வாரத்துக்கு எத்தனை நாள் இருக்கும்? புள்ள எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்?

பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள். பாடம் முடிந்து சாப்பிட்டுவிட்டு மூன்று மணி வாக்கில் தொடங்கினால், ஆறு மணிக்கு விடுவார்கள். மன்றங்கள் வாரம் ஒரு நாளோடு நின்றுவிடலாம். விளையாட்டும் நிகழ்த்துகலையும் அப்படி நிற்காது. தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நெருங்கினால் நாள்கள் கூடும். சிங்கப்பூர் இளையர் விழாவின் கலைப் படைப்பு உயர்நிலைப் பள்ளிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும். அந்த ஆண்டில் நடனக் குழுவிலும் இசைக்குழுவிலும் இருக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமையும் பள்ளிதான்.

துணைப்பாட வகுப்புக்கு (டியூஷன்) ஜனவரி முதல் வாரமே பணம் கட்டிவிடாதீர்கள். சிசிஏ அட்டவணை கைக்கு வரட்டும்.

கேட்டது கிடைக்குமா, இல்ல பள்ளியே போட்டுடுமா?

இரண்டும் நடக்கும். உயர்நிலை ஒன்று சேர்ந்த சில வாரங்களில் சிசிஏ கண்காட்சி நடக்கும். திடலிலும் மண்டபத்திலும் மேசை போட்டு, மூத்த மாணவர்கள் கூவிக் கூவி ஆள் சேர்ப்பார்கள். பள்ளி வாழ்க்கையிலேயே கலகலப்பான நாள் அதுதான் என்பேன். பிள்ளைகள் விருப்பங்களை வரிசைப்படுத்திக் கொடுப்பார்கள். விளையாட்டுக்கும் கலைக்கும் தேர்வுச் சுற்று உண்டு. இடம் குறைவாகவும் ஆள் அதிகமாகவும் உள்ள பூப்பந்து, கூடைப்பந்து மாதிரியானவற்றில் முதல் விருப்பம் கிடைக்காமல் போவது சகஜம்.

இரண்டாவது, மூன்றாவது விருப்பத்தை யோசித்து எழுதச் சொல்லுங்கள். முதலாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மற்றதைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவதால்தான் அழுகை வருகிறது.

இதனால படிப்பு கெட்டுப் போகாதா? உயர்நிலை மூணுல நிறுத்திடலாம்னு பார்க்கிறோம்.

உயர்நிலை மூன்றில் நீங்களாக நிறுத்த முடியாது. இறுதியாண்டு மாணவர்களைப் பள்ளியே ஆண்டின் நடுப்பகுதியில் விடுவித்துவிடும். அதன் பிறகு தேர்வு மட்டும்தான்.

படிப்பு கெடுமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. அரையாண்டுத் தேர்வுகளைக் கல்வி அமைச்சு படிப்படியாக எடுத்து, 2023க்குள் எல்லா நிலைகளிலும் நீக்கிவிட்டது. அதனால் ஆண்டு முழுக்கத் தேர்வு நெருக்கடி என்ற பழைய நிலை இப்போது இல்லை. பிள்ளை தடுமாறுவது பெரும்பாலும் ஆறு மணிக்கு வீடு திரும்பி, ஏழு மணிக்குத் துணைப்பாடம், ஒன்பதரைக்கு வீட்டுப்பாடம் என்று போகும் நாள்களில்தான். எதையாவது குறைத்தே ஆக வேண்டும் என்றால் நான் துணைப்பாடத்தை முதலில் பார்ப்பேன். இதில் என்னோடு சண்டை போட ஆள் நிறைய உண்டு.

லீப்ஸ்ங்கறாங்களே, அதுல எப்படிக் கணக்குப் போடுறாங்க?

லீப்ஸ் 2.0 என்பது 2014இல் வந்த முறை. பிள்ளை பாடத்துக்கு வெளியே செய்தவற்றை நான்கு பிரிவுகளில் பதிவு செய்கிறது: தலைமைத்துவம், சாதனை, பங்கேற்பு, சேவை. ஒவ்வொன்றிலும் நிலை 1 முதல் 5 வரை உண்டு. இறுதியாண்டில் நான்கையும் சேர்த்துப் பார்த்து 'மிகச் சிறப்பு', 'நன்று', 'சுமார்' என்ற மூன்றில் ஒன்றைத் தருவார்கள். மிகச் சிறப்புக்கு 2 போனஸ் புள்ளி, நன்றுக்கு 1, சுமாருக்கு ஒன்றுமில்லை.

மிகச் சிறப்பு கிடைக்க நான்கு பிரிவிலும் குறைந்தது நிலை 3, அவற்றில் ஒன்றிலாவது நிலை 4 வேண்டும். நன்று கிடைக்க நான்கிலும் குறைந்தது நிலை 1 இருக்க வேண்டும். அதோடு மூன்று வழிகளில் ஏதாவது ஒன்று: மூன்று பிரிவில் நிலை 2, அல்லது ஒன்றில் நிலை 2 இன்னொன்றில் நிலை 3, அல்லது ஒன்றில் நிலை 4. ஆகவே ஒரே பிரிவில் வானத்தைத் தொட்டால் போதாது. தேசிய அளவில் பதக்கம் வாங்கிய பிள்ளை சேவையில் நிலை 1இல் நின்றுவிட்டால் அதற்கு நன்றுதான். ஏதாவது ஒரு பிரிவு காலியாகவே கிடந்தால் அதுவும் கிடையாது.

பங்கேற்புதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 75 விழுக்காடு வருகை இருந்தால்தான் அந்த ஆண்டு கணக்கில் சேரும். திறமை, அதிர்ஷ்டம், பயிற்றுநரின் பார்வை எதுவும் இதற்கு வேண்டாம். போய் நின்றால் போதும். தலைமைத்துவத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நிலை 1க்கு தலா மூன்று மணி நேரத்துக்குக் குறையாத இரண்டு பயிற்சித் தொகுதிகளை முடித்தால் சரி. பல பள்ளிகள் அதை வகுப்பு முழுவதுக்கும் நடத்திவிடுகின்றன. அதற்கு மேல் போக வகுப்புக் குழு, சிசிஏ பொறுப்பு, மாணவர் தலைவர் என்று படிகள் உண்டு.

ரெண்டே ரெண்டு புள்ளிதானா? அதுக்கா இந்தப் பாடு?

இங்கே புள்ளி குறைவாக இருந்தால்தான் நல்லது என்பதை முதலில் நினைவில் வையுங்கள். தொடக்கக் கல்லூரிக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ விண்ணப்பிக்கும்போது பாடங்களின் கூட்டுப்புள்ளியிலிருந்து போனஸைக் கழிப்பார்கள். 12 எடுத்த பிள்ளை 10 ஆகிவிடும். கேட்ட கல்லூரியின் எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளைக்கு அது உள்ளேயா வெளியேயா என்று முடிவு செய்யும். எல்லைக்கோட்டுக்கு ரொம்ப மேலேயோ கீழேயோ இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது.

2027 முதல் சாதாரண நிலை, வழக்க நிலைத் தேர்வுகள் போய், ஒரே சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறது. 2028 சேர்க்கையிலிருந்து தொடக்கக் கல்லூரிக்கு ஆறு பாடத்துக்குப் பதில் ஐந்து பாடங்களையே கூட்டுவார்கள். போனஸ் புள்ளியை எடுத்துவிடுவார்கள் என்று ஒரு வதந்தி சுற்றியது. அதை எடுக்கவில்லை.

என் அபிப்பிராயம் கேட்டால், புள்ளிக்காக மட்டும் சேர்த்துவிட்ட சிசிஏ இரண்டாம் ஆண்டே கசந்துவிடும். கசந்தால் வருகை குறையும், வருகை குறைந்தால் மேலே சொன்ன கணக்கு முழுக்கச் சரியும். பிள்ளைக்குப் பிடித்ததில் சேர்ப்பதே புள்ளிக்கும் நல்லது.

சேவை நேரத்துக்கு முதியோர் இல்லத்துக்கு நன்கொடை கொடுத்தா கணக்குல வருமா?

வராது. பிள்ளை செலவழித்த நேரத்துக்குத்தான் மதிப்பு, உங்கள் காசோலைக்கு இல்லை. 24 மணி நேரத்தில் நிலை 1 தொடங்கும். 36ஐத் தொட்டால் நிலை 3. நேரத்தை எண்ணாமல் மேலே போகவும் வழி இருக்கிறது. பிள்ளைகளே திட்டமிட்டுச் செய்யும் 'செயலில் நற்பண்புகள்' திட்டம் பள்ளிக்கோ சக மாணவர்களுக்கோ பயன்பட்டால் அதுவே நிலை 3. 24 மணி நேரத்தோடு, பள்ளிக்கு வெளியே சமூகத்துக்குப் பயன்படும் திட்டம் ஒன்றும் இருந்தால் நிலை 4.

கோயிலிலோ சமூக மன்றத்திலோ தொண்டு செய்வதைச் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். முன்கூட்டியே பள்ளியின் ஒப்புதல் வாங்கினால் வாய்ப்புண்டு. அன்னதானத்தில் பரிமாறிவிட்டு ஆறு மாதம் கழித்துக் கடிதம் நீட்டினால் ஆசிரியர் கையைத்தான் விரிப்பார்.

எம் பையனுக்குத் தமிழ் வகுப்பு உமறுப்புலவர்ல. சிசிஏவும் அதே நாள். எதை விடுறது?

எதையும் விட வேண்டாம். தமிழ் கற்பிக்காத பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பாடம் முடிந்து பீட்டி சாலையிலுள்ள உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையத்துக்கோ வேறு மையங்களுக்கோ போகிறார்கள். நம் பிள்ளைகளில் பலருக்கு இது ஆண்டுதோறும் வரும் தலைவலி.

தமிழ் வகுப்பு பாடம், தேர்வுக்கு உரியது. அதனால் அதுதான் முதலில். வகுப்பு நாளும் நேரமும் தெரிந்த அன்றே சிசிஏ பொறுப்பாசிரியருக்கு எழுதுங்கள். வாய்ச்சொல் போதாது, மின்னஞ்சலாக இருக்கட்டும். தாமதமாக வருவதற்கோ அன்றைக்கு வராமல் இருப்பதற்கோ முறையான அனுமதி பதிவானால்தான் 75 விழுக்காட்டில் அடி விழாது. பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளை ஒன்றிரண்டே என்றால் ஆசிரியருக்கு இந்த மோதல் தெரியவே தெரியாது. சொன்னால் பெரும்பாலும் வழி செய்கிறார்கள். சிசிஏ விருப்பங்களை எழுதும்போதே எந்தக் குழுவுக்கு எந்த நாள் பயிற்சி என்று விசாரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

தமிழ்ப் பிள்ளைங்களுக்குன்னு ஏதாவது உண்டா?

இந்திய நடனம் பல பள்ளிகளில் சிசிஏவாக இருக்கிறது. இளையர் விழாவில் அதற்குத் தனிப் பிரிவு உண்டு. சீன, மலாய்ப் பிள்ளைகளும் சலங்கை கட்டி ஆடுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்க ரொம்பப் பிடிக்கும். 2013 முதல் தங்கம், வெள்ளி என்ற பழைய விருதுகள் போய் மூன்று தரச் சான்றிதழ்கள் வந்துவிட்டன. ஆகவே "தங்கம் கிடைத்ததா" என்று பிள்ளையைக் கேட்காதீர்கள்.

தமிழ் விவாதமும் பேச்சும் பெரும்பாலும் சிசிஏ அல்ல, தமிழ் ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளும் கூடுதல் வேலை. ஏப்ரலில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவோடு நடக்கும் தமிழ்மொழி விழாவையொட்டிப் போட்டிகள் நிறைய வரும். பள்ளியின் பெயரில் கலந்துகொண்டால் லீப்ஸில் சாதனைப் பிரிவுக்கு உதவலாம். ஆசிரியர் பதிவு செய்தாரா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும்?

சிசிஏவுக்கு என்று பெரிய கட்டணம் கிடையாது. காலணி, மட்டை, நடன உடை, முகாம் சாமான் என்று சில்லறைச் செலவுகள் வரும். சீருடைக் குழுவின் காலணியும் நடனத்துக்கான அலங்காரமும்தான் கொஞ்சம் கடிக்கும். மூத்த மாணவர்களிடம் பழையது கிடைக்குமா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பள்ளி நடத்தும் வளமூட்டும் வகுப்புகளுக்கும் கற்றல் பயணங்களுக்கும் எடுசேவ் கணக்கு கைகொடுக்கும். உயர்நிலையில் படிக்கும் குடிமக்களுக்கு ஆண்டுக்கு 290 வெள்ளி அரசாங்கம் போடுகிறது. பள்ளி ஏற்பாடு செய்தவற்றுக்கு மட்டுமே அதை எடுக்கலாம். வெளியே படிக்கும் துணைப்பாடத்துக்கு முடியாது. மிச்சம் பிறகு உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்குக்குப் போய்விடும். நிரந்தரவாசிகளாக உள்ள பிள்ளைகளுக்கு எடுசேவ் கிடையாது. சிரமப்படும் குடும்பங்களுக்கு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வெளியே சொல்ல மாட்டார்.

அஞ்சு நாள் உபின் தீவுல முகாமாம். பொண்ண எப்படி அனுப்புறது?

உயர்நிலை மூன்றில் வருவது அது. 1967 முதல் இயங்கும் அவுட்வர்ட் பவுண்ட் சிங்கப்பூர் நிலையம் நடத்துகிறது. கல்வி அமைச்சோடு சேர்ந்து 2017இல் இந்த ஐந்து நாள் திட்டம் தொடங்கியது. வெவ்வேறு பள்ளிப் பிள்ளைகளைக் கலந்து குழு பிரிப்பார்கள். படகு துடுப்பு, மலையேற்றம் மாதிரி நீண்ட நடை, உயரத்தில் கயிறு, கூடாரத்தில் தூக்கம். கைப்பேசி இல்லாத ஐந்து நாள் என்பதுதான் பல வீடுகளில் பெரிய அதிர்ச்சி.

முகாமுக்கு முன் வரும் உடல்நலப் படிவத்தில் ஆஸ்துமா, ஒவ்வாமை, சைவ உணவு எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். மாதவிடாய் பற்றிக் கவலை இருந்தால் பெண் ஆசிரியரிடம் பிள்ளையையே பேசச் சொல்லுங்கள். பயத்துக்காக மட்டும் மருத்துவச் சான்றிதழ் தேடாதீர்கள். திரும்பி வரும்போது கொசுக்கடியோடும் ஊர்ப்பட்ட கதையோடும் வருவார்கள்.

பயிற்சி நேரத்துல போன் கூட எடுக்க மாட்டேங்குறானே?

எடுக்கக் கூடாது. 2026 ஜனவரி முதல் உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசிக்கும் திறன்கடிகாரத்துக்கும் தடை. சிசிஏ நேரமும் அதில் அடக்கம். அவசரம் என்றால் பள்ளி அலுவலகத்தை அழையுங்கள்.

ஜூன்ல ஊருக்கு டிக்கெட் போட்டாச்சு. இப்ப பயிற்சி இருக்குன்னு சொல்றாங்க.

நான்கு வார விடுமுறை என்றாலும் பல குழுக்கள் அதில் சில நாள்களைப் பயிற்சிக்கோ முகாமுக்கோ எடுத்துக்கொள்ளும். டிக்கெட் வாங்கும் முன் பொறுப்பாசிரியரிடம் தேதி கேட்பது ஒன்றுதான் வழி. வாங்கிவிட்டீர்கள் என்றால் உடனே எழுதித் தெரிவியுங்கள். ஒருமுறை போனால் ஆண்டு வருகை கவிழ்ந்துவிடாது. சொல்லாமல் போவதுதான் ஆசிரியர்களுக்குக் கோபம் வரவைக்கும்.

பிடிக்கல, சிசிஏ மாத்தணும்ங்கறா. விடலாமா?

பள்ளி ஒப்புக்கொண்டால் மாறலாம். பெரும்பாலும் ஆண்டு முடிவில்தான் விடுவார்கள். மாறியதால் முந்தைய ஆண்டுகளின் பங்கேற்பு அழிந்துபோகாது. ஆனால் புதிய இடத்தில் அவள் கடைசியாகச் சேர்ந்தவள். குழுத் தலைவர் பொறுப்பும் போட்டிக்கான இடமும் முன்பே இருந்தவர்களுக்குத்தான் போகும். அதனால் உயர்நிலை இரண்டுக்குள் மாறினால் நட்டம் குறைவு, மூன்றில் மாறினால் அதிகம்.

முதலில் என்ன பிடிக்கவில்லை என்று கேளுங்கள். விளையாட்டே பிடிக்கவில்லையா, பயிற்றுநர் கத்துகிறாரா, ஒரு தோழியோடு பேச்சு நின்றுவிட்டதா? கடைசி இரண்டுக்கும் ஆசிரியரிடம் பேசித் தீர்வு காண முடியும். யாராவது சீண்டுகிறார்கள், மிரட்டுகிறார்கள் என்றால் ஆண்டு முடிவு வரை காத்திருக்கவே கூடாது.

வெளியே எட்டு வருஷமா பரதம் கத்துக்கிறா. அதையே சிசிஏன்னு எடுத்துக்குவாங்களா?

தானாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பள்ளியில் ஒரு சிசிஏவில் இருந்தே ஆக வேண்டும் என்பதுதான் முதல் பதிலில் சொன்ன விதி. வெளி வகுப்புச் சான்றிதழ் லீப்ஸில் தனியாக நிற்காது. பள்ளி முன்கூட்டி அங்கீகரித்த வெளிப் போட்டியோ நிகழ்ச்சியோ என்றால் சாதனைப் பிரிவில் சேர வாய்ப்பு இருக்கிறது.

பள்ளியில் இந்திய நடனம் இல்லாவிட்டால் இதைச் சாக்காக வைத்து வேறு எதையாவது பழகட்டும் என்று நினைக்கிறேன். வாரத்தில் ஐந்து நாளும் அரைமண்டியிலேயே இருக்க வேண்டுமா என்ன? இந்த யோசனை நடன ஆசிரியைகளுக்குப் பிடிப்பதில்லை.

டிஎஸ்ஏ மூலமா ஹாக்கிக்குச் சேர்ந்தான். இப்ப காலில் அடி. விட்டுட்டா பள்ளியை விட்டு அனுப்பிடுவாங்களா?

2004இல் தொடங்கிய நேரடிப் பள்ளிச் சேர்க்கையில் பிஎஸ்எல்இ முடிவு வரும் முன்பே திறமையைப் பார்த்து இடம் தருகிறார்கள். பதிலுக்கு அந்தத் துறையில் தொடர்வதாகப் பிள்ளை ஒப்புக்கொள்கிறது. வேறு பள்ளிக்கு மாறும் வாய்ப்பையும் விட்டுக்கொடுக்கிறது. அதனால்தான் தொடக்கநிலை ஆறில் விண்ணப்பிக்கும்போதே "நான்கு ஆண்டு இதையே செய்வாயா" என்று கேட்கச் சொல்கிறேன். பள்ளியின் பெயருக்காக மட்டும் போட்ட விண்ணப்பங்கள் உயர்நிலை இரண்டில் வீட்டில் சண்டையாக முடிவதைப் பார்த்திருக்கிறேன்.

அடிபட்டது வேறு விஷயம். மருத்துவர் கடிதத்தோடு பொறுப்பாசிரியரைப் பாருங்கள். குணமாகும் வரை ஓய்வு, அணி மேலாண்மை, ஆட்டக் கணக்கு, இளையவர்களுக்கு உதவி என்று குழுவிலேயே வேறு பொறுப்பு தர முடியுமா என்று நீங்களே கேளுங்கள். வருகைப் பதிவும் குறையாது, தலைமைத்துவப் பிரிவுக்கும் அது உதவக்கூடும். இனி ஆடவே முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால் துறை மாற்றம் பற்றிப் பள்ளி முதல்வர் வரை போய்ப் பேச வேண்டியிருக்கும். எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.